தையலை மறைக்காத சிற்பங்கள்

சென்ற இதழில் பிரெஞ்சு-அமெரிக்கச் சிற்பி லூயீஸ் பூர்ஷ்வா பழந்துணியில் தைத்த மனிதத் தலை ஒன்றின் படத்தை வெளியிட்டிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தத் தலையைப் பற்றியோ, பொதுவாகத் துணியில் செய்யப்படும் சிற்பங்களைப் பற்றியோ கேட்பவை. ஆகவே இம்முறை கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (கோவில்பட்டி வாசகி): இரும்பிலும் வெண்கலத்திலும் ராட்சதச் சிலந்திகளைச் செய்தவர் என்றுதான் பூர்ஷ்வாவைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் எண்பது வயதைத் தாண்டிய பிறகு பழந்துணியைக் கையில் எடுத்தது ஏன்? உளி பிடிக்கக் கையில் வலு இல்லாமல் போனதுதான் காரணமா?

பதில்: கையில் வலு குறைந்திருக்கலாம், ஆனால் அதுவே காரணம் என்று சொல்ல ஆண்டுக்கணக்கு இடம் கொடுக்கவில்லை. நீங்கள் குறிப்பிடும் சிலந்திகளில் மிகப் பெரியதான 'மமான்' ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயரம் கொண்டது. அது 1999-இல் உருவாகி, 2000-இல் லண்டனில் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அங்கே வைக்கப்பட்டது. துணி வேலைகளில் அவர் முழுமூச்சாக இறங்கியிருந்ததும் அதே ஆண்டுகளில்தான். உலோகத்தையும் பளிங்கையும் விட்டுவிட்டுத் துணிக்கு வந்தவர் அல்லர் அவர். அவற்றோடு துணியையும் சேர்த்துக்கொண்டவர்.

உண்மையில் துணிதான் அவர் முதலில் அறிந்த பொருள். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பாரிஸில் பிறந்த அவருடைய குடும்பத்துக்கு, பழைய டேப்பஸ்ட்ரிகளை, அதாவது கம்பளி நூலிலும் பட்டு நூலிலும் உருவங்கள் நெய்யப்பட்ட பெரிய சுவர்த்திரைகளை, வாங்கிப் பழுதுபார்த்து விற்பது தொழில். தந்தை விற்பனையைக் கவனித்தார். பழுதுபார்க்கும் பட்டறை தாய் ஜோசஃபீனின் பொறுப்பில் இருந்தது. பாரிஸுக்குத் தெற்கே அந்தோனி என்ற ஊரில், பியேவ்ர் ஆற்றங்கரையில் அவர்கள் குடியிருந்ததற்கும் தொழில்தான் காரணம்: நூலை அலசவும் சாயம் ஏற்றவும் அந்த ஆற்று நீர் தோதாக இருந்தது.

தொங்கும் திரையில் முதலில் நைந்துபோவது அடிவிளிம்பு. அதனால் நெய்த உருவங்களில் மனிதர்களின் பாதங்களும் குதிரைகளின் கால்களும்தான் முதலில் காணாமற்போகும். அந்த இடத்தை மறுபடி நெய்து அடைப்பதற்கு முன், அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று யாராவது வரைந்து காட்ட வேண்டும். பன்னிரண்டு வயதை ஒட்டியே அந்த வேலை லூயீஸிடம் வந்துவிட்டது. பாதம் வரைவதில்தான் தம் கலை தொடங்கியது என்று பிற்காலத்தில் அவர் பலமுறை சொன்னார். வேறு ஒரு வகைப் பழுதும் அங்கே நடந்தது: நிர்வாண உருவங்களைக் கண்டு முகம் சுளிக்கும் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக, தாயார் சில உறுப்புகளைக் கத்தரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூக்களை வைத்து நெய்வித்தாராம். வெட்டுவதும் இணைப்பதும் ஒரே மேசையில் நடந்த வீடு அது.

தாய் 1932-இல் இறந்தார். அதுவரை பாரிஸின் சார்போன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த மகள் அதன் பின்னரே கலைக்குத் திரும்பினார். 1938-இல் கலை வரலாற்றாளர் ராபர்ட் கோல்ட்வாட்டரை மணந்து நியூயார்க்கில் குடியேறினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மரம், பிளாஸ்டர், லேட்டக்ஸ், பளிங்கு, வெண்கலம் என எல்லாவற்றிலும் வேலை செய்தார். பரவலான புகழோ 1982-இல், எழுபது வயதில், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் பணியைத் தொகுத்துக் காட்டியபோதுதான் வந்தது.

1990-களின் நடுவில் தம் வீட்டின் மேல்மாடி அலமாரிகளில் சேர்ந்து கிடந்த துணிமணிகளை எல்லாம் கீழே இறக்கித் தரும்படி உதவியாளரிடம் கேட்டார். தம்முடைய பழைய கவுன்கள், உள்ளாடைகள், விரிப்புகள், துண்டுகள் என எதையும் எறியாமல் சேர்த்து வைத்திருந்தவர் அவர். எந்த உடையை எப்போது யாருக்காக உடுத்தினோம் என்பது அவருக்கு நாட்குறிப்பைப் போல நினைவில் நின்றது. முதலில் அவற்றை வெட்டவில்லை. 1996-இல் செய்த ஒரு படைப்பில், இரும்புக் கம்பத்திலிருந்து நீளும் கைகளில் அந்த உடைகள் அப்படியே தொங்குகின்றன. அவற்றை மாட்டியிருக்கும் ஹேங்கர்கள் மட்டும் கால்நடைகளின் பெரிய எலும்புகள். உடையை உடுத்தியிருந்த உடல் போன பிறகு, உடலுக்குள் இருப்பது வந்து அந்த உடையைத் தாங்குகிறது. அதற்குப் பிறகே கத்தரிக்கோல் வந்தது.

இதில் முதுமைக்கு ஒரு பங்கு உண்டென்றால் அது கைவலுவைப் பற்றியது அன்று. சேர்த்து வைத்ததை என்ன செய்வது என்ற கேள்வியைப் பற்றியது. தூக்கிப்போடவும் மனமில்லை, விட்டுவைத்தால் அந்து அரிக்கும். பட்டறையில் வளர்ந்தவருக்குத் தெரிந்த மூன்றாவது வழி, வெட்டி வேறொன்றாகத் தைப்பது.

கேள்வி (சேலம் வாசகி): நான் வீட்டில் பழைய சேலைகளைக் கொண்டு பொம்மைகள் தைத்து விற்கிறேன். நீங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பதும் பஞ்சடைத்த துணித் தலைதானே? அதைச் சிற்பம் என்றும் என்னுடையதைப் பொம்மை என்றும் சொல்வது எந்த நியாயம்? கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

பதில்: கோபத்தோடு கேட்டாலும் தவறில்லை. இரண்டுக்கும் இடையே உயர்வு தாழ்வு இருப்பதாக நான் நினைக்கவில்லை, ஆனால் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு தையலிலேயே தெரிகிறது என்பதால், உங்களைப் போல் ஊசி பிடித்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது.

பொம்மைக்குத் துணியை உட்புறம் வெளியே தெரியுமாறு வைத்து ஓரத்தில் தைத்து, பிறகு புரட்டி எடுத்துப் பஞ்சடைப்பீர்கள். பிரிவு உள்ளே போய்விடும். தையல் தெரிந்தால் அது குறை. பூர்ஷ்வா செய்தது நேர் எதிரானது. நல்ல பக்கத்தை வெளியே வைத்தே, ஒரு துண்டின் விளிம்பை அடுத்த துண்டோடு வைத்து, பெரிய பெரிய கைத்தையலால் இணைத்தார். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக மோவாய் வரை இறங்கும் தையல், கன்னத்தில் வளைந்து காதருகே முடியும் இன்னொரு தையல் என, முகத்தின் மேடு பள்ளங்கள் எல்லாம் ஒட்டுகளால் ஆனவை. சில தலைகளுக்கு டர்க்கி டவல் துணி. அதன் சுருள்நூல் தோலின் மேல் ஏற்பட்ட தடிப்பைப் போல் தெரியும். சிலவற்றுக்குப் பழைய டேப்பஸ்ட்ரித் துண்டு. அங்கே எவரோ நெய்த இலையோ பூவோ ஒரு கன்னத்தின் குறுக்கே பாதியில் நின்றுபோகும். வாய் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அறுவைக்குப் பின் போட்ட தையலும் கிழிந்த சட்டையைச் சேர்த்த தையலும் ஒன்றாகிவிடும் இடம் அந்த முகம்.

குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டிய பொம்மையில் இப்படித் தைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது. பூர்ஷ்வாவின் துணி உருவங்களைத் தொடவும் முடியாது. பெரும்பாலானவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார். 'ஏழு பேர் ஒரே படுக்கையில்' என்ற பொருள்படும் தலைப்புள்ள 2001-ஆம் ஆண்டுப் படைப்பில், இளஞ்சிவப்புத் துணியில் தைத்த ஏழு உடல்கள் ஒன்றை ஒன்று அணைத்துப் படுத்திருக்கின்றன. சிலவற்றுக்கு இரண்டு முகங்கள். 1997-இல் செய்த 'ஜோடி' வரிசைப் படைப்பு ஒன்றில் கறுப்புத் துணியால் ஆன தலையற்ற இருவர் தழுவிக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பொய்க்கால் பொருத்தப்பட்டிருக்கிறது. மென்மையான பொருள் என்றதும் நாம் எதிர்பார்க்கும் இதம் அங்கே இல்லை.

ஊசியைப் பற்றி அவர் பேசும்போது, அது குத்துவதற்கான கருவி அன்று, நேர்ந்த சேதத்தைச் சீர்செய்வதற்கான கருவி என்ற பொருளிலேயே பேசினார். சீர்செய்தாயிற்று என்பதற்குச் சான்று தையல். அதை மறைத்துவிட்டால் சேதமே நடக்காதது போல் ஆகிவிடும். அவருடைய துணித் தலைகளை நான் புரிந்துகொள்வது இப்படித்தான். தாயின் பட்டறையில் பழுதுபார்த்த இடம் தெரியாமல் இருப்பதே வேலையின் நேர்த்தி. மகள் அதே வேலையை எடுத்துக்கொண்டு, தெரியட்டும் என்று விட்டார்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): இவற்றை எல்லாம் பூர்ஷ்வா தாமே தைத்தாரா?

பதில்: பலவற்றைத் தாமே தைத்தார், வயது ஏற ஏறத் தையற்காரப் பெண்மணி ஒருவரின் உதவியையும் பெற்றார். எந்தத் துணி, எங்கே வெட்டு, தையல் எப்படி என்பதை முடிவு செய்தது அவரே. தமக்கு மிக நெருக்கமான துணிகளைக் கொண்டு 2002-இல் அவர் உருவாக்கிய ஒரு துணிப் புத்தகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மறதிக்குப் பாடிய வாழ்த்து என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அதன் தாள்கள் அவருடைய கல்யாணச் சீரில் வந்த லினன் துண்டுகள். சிலவற்றின் மூலையில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பூவேலையாகவே இருக்கின்றன. அவற்றின் மேல் தம் பழைய உடைகளிலிருந்து வெட்டிய வட்டங்களையும் கோடுகளையும் ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கிறார். பக்கங்களின் ஓரத்தில் காஜா எடுத்து நாடா கோத்திருப்பதால், வேண்டும்போது அவிழ்த்துத் தனித்தனியாகச் சுவரில் மாட்டலாம், திரும்பவும் கோத்துப் புத்தகமாக்கலாம்.

கேள்வி (மதுரை வாசகர்): மென்மையான சிற்பம் என்ற வகையையே முதலில் தொடங்கியவர் கிளேஸ் ஓல்டன்பர்க் என்று ஒரு நூலில் படித்தேன். சரியா?

பதில்: பாதி சரி. ஸ்டாக்ஹோமில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓல்டன்பர்க் (1929–2022), 1962 செப்டம்பரில் நியூயார்க்கின் கிரீன் காலரியில் மூன்று ராட்சதத் தின்பண்டங்களைத் தரையில் வைத்தார்: ஒரு கேக் துண்டு, ஒரு ஐஸ்கிரீம் கூம்பு, ஒரு ஹாம்பர்கர். கேக் கிட்டத்தட்ட 2.9 மீட்டர் நீளம். ஹாம்பர்கர் இரண்டு மீட்டருக்கும் மேல் அகலம். கித்தான் துணியைத் தைத்து, உள்ளே ஃபோம் ரப்பரையும் அட்டைப் பெட்டிகளையும் அடைத்து, மேலே வண்ணம் பூசியவை. சிற்பம் என்றால் விறைப்பாக நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை அவை சிரிப்புக்கிடமாக்கின. அந்த ஹாம்பர்கரை 1967-இல் டொராண்டோ அருங்காட்சியகம் வாங்கியபோது, அங்கிருந்த கலை மாணவர்கள் அதே அளவில் ஒரு கெச்சப் புட்டியைச் செய்து தூக்கிக்கொண்டு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்ப்பிலும் நகைச்சுவை இருந்தது. ஓல்டன்பர்க்குக்கே அது பிடித்திருக்கும்.

மீதிப் பாதியைச் சொல்ல இரண்டு பெண்களைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் ஓல்டன்பர்க்கின் அந்நாளைய மனைவி பாட்டி முகா. அந்தக் கித்தானைத் தையல் எந்திரத்தில் வைத்துத் தைத்தவர் அவர். கலை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் அவரை உதவியாளர் என்ற ஒற்றைச் சொல்லில் கடந்து சென்றன. தட்டையான துணியிலிருந்து கூம்பையும் வட்டத்தையும் எழுப்பத் தெரிந்த கை இல்லாவிட்டால் அந்த யோசனை தாளில் வரைந்த படமாகவே நின்றிருக்கும் என்பதைத் தையல் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வர். இன்னொருவர் ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா. பஞ்சடைத்துத் தைத்த நூற்றுக்கணக்கான நீள்வடிவத் துணிக் குழல்கள் முளைத்த ஒரு சாய்வு நாற்காலியை, அதே கிரீன் காலரியில், அதே 1962-இல், சில மாதங்கள் முன்னதாகவே அவர் காட்டியிருந்தார். ஓல்டன்பர்க்கும் தம் நாடக நிகழ்வுகளுக்காகத் துணியடைத்த பொருள்களை அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே செய்துகொண்டிருந்தார் என்பதால், யார் முந்தி என்ற வழக்கு முடிந்தபாடில்லை. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதைவிட, 1962-இல் அந்த ஊரில் மூவர் கையிலும் ஊசி இருந்தது என்று வைத்துக்கொள்வது நேர்மையாக இருக்கும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): துணி எப்படி நிற்கும்? உள்ளே கம்பி இருக்குமா?

பதில்: நிற்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டா என்பதே கலைஞர் முதலில் எடுக்கும் முடிவு. ஓல்டன்பர்க் சரியவிட்டார். 1963-இல் செய்த பொதுத் தொலைபேசியையும் 1966-இல் செய்த கழிவறைக் கோப்பையையும் ரெக்சின் போன்ற வினைல் துணியில் தைத்து உள்ளே இலவம் பஞ்சை அடைத்தார். ஆம், நம் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கும் அதே இலவம் பஞ்சுதான். இலவம் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது; ஆகவே காலப்போக்கில் எடை கீழே இறங்கி மேல்பகுதி தொய்யும். நாற்பட்ட தலையணையை உதறிப் போடுபவர்களுக்கு இது தெரிந்ததே. அந்தத் தொய்வையே அவர் உருவத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டார்.

பூர்ஷ்வாவோ நிற்கவைத்தார், அல்லது தொங்கவிட்டார். 2000-க்குப் பின் செய்த தூண்களில், துணியில் தைத்த சிறு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எஃகுக் கம்பியில் கோத்தார். 1940-களில் மரத்துண்டுகளைக் கொண்டு செய்த ஒல்லியான நெடிய உருவங்களின் அமைப்பேதான் அது.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): நம் தேர்களில் தொங்கும் தொம்பையையும் மென்சிற்பம் எனலாமா?

பதில்: வெட்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்துக் குழல்வடிவில் தொங்கவிடும் தொம்பை, துணியால் இடத்தை நிரப்பும் கலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தேரோடு சேர்ந்தே முழுமை பெறுவது. தனித்து நின்று பேசும் பொருளாக அதைச் செய்தவர்கள் கருதவில்லை. பெயர் சூட்டி அதற்குப் பெருமை சேர்க்க வேண்டியதும் இல்லை.

கேள்வி (பெங்களூரு வாசகி): இந்தியாவில் இத்தகைய சிற்பி யாரும் இல்லையா?

பதில்: அவசியம் அறிய வேண்டியவர் மிருணாளினி முகர்ஜி (1949–2015). நெய்த துணியை அல்ல, சணல் வகைக் கயிற்றைக் கொண்டவர் என்பதால் சரியாகச் சொன்னால் இழைச் சிற்பி. ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியின் மகள். பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றார். கேரளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த சுப்பிரமணியன், கைவினைக்கும் கலைக்கும் நடுவே போடப்பட்ட வேலியை ஏற்காத ஆசிரியர். மாணவியின் போக்கில் அது தெரிகிறது.

கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, தறியின் உதவியில்லாமல், முன்கூட்டி வரைந்த படமும் இல்லாமல், கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்தையும் தாண்டிய உருவங்களை எழுப்பினார். உள்ளே உலோகச் சட்டம் தாங்கும். யட்சி, பட்சி, ருத்திரன், வனஸ்ரீ என்றெல்லாம் பெயர் கொண்ட அவை, பாதி தெய்வமாகவும் பாதி செடியாகவும் தோன்றும். மடிப்புகள் சேலைக் கொசுவத்தைப் போலவும் பூவிதழைப் போலவும் விரியும். ஓர் உருவத்துக்குப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால் வாழ்நாளில் அவர் செய்தவற்றின் எண்ணிக்கை பெரிதன்று. டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடம் 2015-இல் அவருடைய படைப்புகளைத் தொகுத்துக் காட்டிய நாள்களிலேயே காலமானார். 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. தாமதம் என்றுதான் சொல்ல வேண்டும். கைவினைக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டிய வேலை என்ற முணுமுணுப்பு நெடுங்காலம் அவரைத் தொடர்ந்தது.

கேள்வி (திருச்சி வாசகி): கம்பளியிலும் பட்டிலும் சில துணி உருவங்கள் தைத்து வைத்திருக்கிறேன். இரண்டே ஆண்டில் ஒன்றைப் பூச்சி அரித்துவிட்டது. அருங்காட்சியகங்கள் எப்படிக் காக்கின்றன?

பதில்: அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு, இறகு, முடி போன்ற விலங்கு இழைகளை. அழுக்கோ வியர்வையோ படியாத பருத்தியை அது பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே உங்கள் உருவங்களில் கம்பளியும் பட்டும் உள்ளவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். அருங்காட்சியகங்களில் அந்துருண்டைக்கு இப்போது இடமில்லை. அதன் ஆவி மனிதருக்குக் கேடு, சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும். பூச்சி பிடித்த பொருளைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் இறுக்கி மூடி, உறைநிலைப் பெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு வாரம் வைப்பது அவர்கள் கையாளும் எளிய முறை. வெளியே எடுத்த பிறகு அறையின் வெப்பம் வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் துணியின் மேலேயே படியும்.

வெளிச்சத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். துணிக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு, அதாவது மங்கலான அறை. சன்னலுக்கு எதிரே வைத்த உருவம் ஒரு பக்கம் மட்டும் வெளுப்பது அதனால்தான். உள்ளே அடைப்பதற்கு ஃபோம் வாங்கியிருந்தால், அது சில பத்தாண்டுகளில் பொடியாக உதிரும் பொருள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பருத்திப் பஞ்சோ இலவம் பஞ்சோ அடைத்து, அடிப்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குத் தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கும்படி விட்டுவைத்தால், தொய்யும்போது பஞ்சை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.